காய்ச்சலுக்கும் பங்கு

போன வாரம் கதையை மதினியின் காலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். வலது கணுக்கால் இருந்த இடம் தெரியாமல் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். “மாத்திரை வேலை செய்ய நாளாகும் மதினி” என்று நானும், “ஆகட்டும், நான் எங்க ஓடப்போறேன்” என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஜெபமாலை மதினி என் கணவர் சந்தனராஜுக்கு அக்காள். தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்தவள். தன் புருஷன் போன பிறகு எங்களோடு வந்துவிட்டாள். ஆவூர்ப் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த என் கணவர், அதை விட்டுவிட்டுக் கட்டுமாவடிக்குத் தெற்கே ஒரு மீன்பிடிக் குப்பத்துக்கு மாத்திரை கொடுக்கும் வேலைக்குப் போகிறேன் என்றபோது, “செம்மண்ணுல பொறந்தவனுக்கு உப்புத் தண்ணியில என்னடா வேலை?” என்று கேட்டுக்கொண்டே மூட்டை கட்டியவளும் அவள்தான்.

யானைக்காலுக்கு ஒரு புது மருந்து வந்திருந்தது. அது கேட்கிறதா என்று பார்க்கப் பட்டணத்து டாக்டர்கள் அந்தக் குப்பத்தை எடுத்திருந்தார்கள். ஆட்களைச் சேர்ப்பது, வாரா வாரம் மாத்திரைப் பொட்டலம் கொடுப்பது, யாருக்கு உடம்பு என்ன செய்தது என்று விசாரித்துக் கார்டில் எழுதுவது, ரத்தம் எடுக்கிற நாளில் எல்லாரையும் ஒரே இடத்தில் கூட்டுவது எல்லாம் இவர் வேலை. சிவப்பு நூல் கட்டிய பொட்டலம் சிலருக்கு, நீல நூல் கட்டியது சிலருக்கு. யாருக்கு எது என்பது பட்டணத்தில் சீட்டுக் குலுக்கி முடிவாகி வரும்.

முதல் நாள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மதினிதான் முன்னால் வந்து, “விஷமா இருந்தா மொதல்ல நான் போறேன்” என்று எல்லாரும் பார்க்க விழுங்கினாள். அவள் ரத்தத்திலும் யானைக்கால் புழு இருந்தது. அதன் பிறகுதான் குப்பம் வாய் திறந்தது.

இன்று சொல்லப்போவது, மூன்று மாதம் கழித்து இரண்டாம் தடவை ரத்தம் எடுத்த நாளைப் பற்றி.

அந்தப் புழு பகலெல்லாம் உடம்புக்குள் எங்கோ ஒளிந்திருந்து, ராத்திரியில்தான் விரல் நுனி ரத்தம் வரை உலாவ வருமாம். அதனால் ராத்திரிதான் எடுக்க வேண்டும். படகுகள் கடலுக்குப் போவதும் ராத்திரிதான்.

“அதுவும் நம்ம ஆளுதான் போல. ராத்திரித் தொழிலுக்குப் போவுது” என்று உடையப்பன் சொல்லிக் கரையே சிரித்தது. உடையப்பன் இளவட்டம். வலை இழுப்பதைவிட வாய் இழுப்பதில் கெட்டிக்காரன்.

ஒரு ராத்திரி மீனை விட்டுக்கொடுக்கச் சொல்லிப் படகு படகாக இவர் நடந்தார். கடைசியில் மூத்த படகுக்காரர் வீரய்யாவிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். நல்ல மாத்திரை எது என்று வருஷக் கடைசியில் தெரிந்ததும், குப்பத்தில் ஒருவர் விடாமல் அதையே தருவோம் என்று. அந்த வாக்கை நம்பித்தான் படகுகள் நிற்கச் சம்மதித்தன. அன்று ராத்திரி பாதிப் பேர் வராமல் போனால் டாக்டர்கள் குப்பத்தையே கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். கழித்துவிட்டால் வருஷக் கடைசி மருந்தும் வராது.

அன்று விடிந்ததிலிருந்து இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடத்து பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டார். கைக்குழந்தைக்காரிகள் முதலில், வயசானவர்கள் அடுத்து, படகு ஆட்கள் கடைசியில் என்று வரிசை வகுத்தார். பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் கட்டுமாவடிக்கு ஆள் அனுப்பினார். காத்திருக்கிறவர்களுக்குக் கஞ்சி காய்ச்சும் பொறுப்பு மதினிக்கு.

“மேரி, நீ பொம்பளைங்க இருக்கிற வீடா ஒரு நடை போயிட்டு வந்துரு. யாரும் வெளியூர் கெளம்பிறக் கூடாது” என்றார் என்னிடம்.

வீரய்யா வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி அழகம்மாள் கல்லுரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கருப்பட்டி. அவள் மடியில் சிவப்பும் நீலமுமாக நூல் சிக்குப் பிடித்துக் கிடந்தது.

“வாங்க வாத்தியாரம்மா, ஒக்காருங்க. கைவேலையா இருக்கேன்.”

“என்ன அழகம்மா, பொரிவிளங்காய் உருண்டையா? வீட்டுல விசேஷமா?”

“நல்லாக் கேட்டீங்க! ஒங்க வீட்டு ஐயா குடுத்ததுதான்.” அவளுக்குச் சிரிப்புப் பொங்கியது. “மாத்திரைங்க.”

“மாத்திரையை எதுக்கு இடிக்கிறீங்க?”

“வேற எப்படிச் சமமாப் பிரிக்கிறது? எங்க படகு ஆளுங்க பொட்டலம் அம்புட்டும் இங்கிட்டு வந்துரும். இடிச்சு, கருப்பட்டி சேத்து, ஆளுக்கு ஒரு உருண்டை. ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு கெடையாது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “அவங்கவங்களுக்குத்தானே அவங்கவங்க பொட்டலம்?”

அழகம்மாள் உலக்கையைச் சாய்த்து வைத்தாள். “மொத வாரம் என்னாச்சு தெரியுமா? செவப்பு நூலு தின்னவுங்களுக்கெல்லாம் காய்ச்சலு, தலைச்சுத்து, வாந்தி. நீலம் தின்னவுங்க கல்லு மாதிரி இருந்தாங்க. எங்க படகுல செவப்பு தின்னவுங்க பூராம் பாயில கெடந்தாங்க. ஆளில்லாம எப்படிப் படகு எறக்குறது? அப்பத்தான் எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. படகுல மீனுக்குப் பங்கு உண்டு, நட்டத்துக்குப் பங்கு உண்டு, காய்ச்சலுக்கு மட்டும் ஏன் இல்ல? ஆளுக்குக் கொஞ்சமா வாங்கிக்கிட்டா ஒருத்தனும் படுக்க மாட்டான்னாரு.”

“படுக்கலையா?”

“அதான் அதிசயம்! எல்லாருக்கும் லேசாக் கிறுகிறுன்னுச்சு, அம்புட்டுத்தான். படகு எறங்கிருச்சு.”

“ஒங்க படகு மட்டுந்தானா?”

“நல்ல ரோசனையை நாங்க மட்டும் வச்சுக்குவமா? எல்லாப் படகுக்கும் சொல்லியாச்சு. பொம்பளைங்க நாங்கதான் அவங்கவங்க பொட்டலத்தைத் தின்கிறோம்.” ஒரு உருண்டையை எடுத்து என் கையில் வைத்தாள். “வாயில போட்டுப் பாருங்க. வெறுமனே முழுங்குறதுக்கு இது எம்புட்டோ தேவலை.”

வாயில் போடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

அவர் பெஞ்சில் சாக்கட்டியால் தெருப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். முடிச்சை அவிழ்த்துக் காட்டி, கேட்டதையெல்லாம் சொன்னேன். அவர் உருண்டையைப் பிட்டு நாக்கில் வைத்தார். பிறகு எழுதின பெயரின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பொம்பளைங்க?”

“அவங்க அவங்க பொட்டலத்தைத்தான் தின்கிறாங்க. படகு ஆளுங்கதான் இப்படி.”

“மொதல்ல எல்லாரையும் என் கண் முன்னாடிதான் முழுங்க வச்சுக்கிட்டிருந்தேன். படகு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரம் கரைக்கு வருது, வீட்டுக்கே குடுத்து விடுங்கன்னு கேட்டாங்க. சரின்னேன்.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “மேரி, ரெண்டு நூல்ல ஒண்ணு வெறும் மாவு.”

“என்னது?”

“மருந்தே இல்ல. பாக்க ஒரே மாதிரி இருக்கும், தின்னா ஒரே மாதிரி கசக்கும். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு. மூணு மாசம் கழிச்சு ரெண்டு தரப்பு ரத்தத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் மருந்து கேக்குதான்னு தெரியும். தின்கிறவங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒனக்கும் சொல்லல.”

“எது மாவு?”

“எனக்கும் யாரும் சொல்லல” என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். “டாக்டருக்கு யாரு சொல்லப் போறா? ராத்திரி வந்து ரத்தத்தை எடுத்துக்கிட்டுப் போகட்டும்.”

“அந்த ரத்தத்தை வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. படகு ஆளுங்க எல்லாரும் எல்லாத்தையும் தின்னிருக்காங்க. வித்தியாசமே தெரியாது. மருந்து உதவாதுன்னு எழுதித் தள்ளிட்டா, அப்புறம் எந்தக் கரையில உள்ளவனுக்கும் இது கெடைக்காது.”

“சொன்னீங்கன்னா?”

“குப்பத்தைக் கழிச்சாலும் கழிப்பாங்க.”

“அப்ப வீரய்யாவுக்குக் குடுத்த வாக்கு?”

அவர் சாக்கட்டியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டினார்.

“டாக்டருகிட்டச் சொல்லத்தான் போறேன். அதுக்கு முன்னாடி வீரய்யாகிட்டச் சொல்லணும். முதுகுக்குப் பின்னாடி கோள் சொன்னதா ஆயிரக் கூடாது.”

நானும் கூடவே போனேன்.

கரையில் வலை காய்ந்துகொண்டிருந்தது. வீரய்யா வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். சுற்றிலும் படகு ஆட்கள். வேலை இல்லாத நாள் என்பதால் எல்லாருக்கும் பேச்சு ருசியாக இருந்தது.

“வாங்க மாத்திரை வாத்தியாரே” என்றான் உடையப்பன். “எங்க ரத்தத்துக்கு என்ன வெலை வச்சிருக்கீங்க?”

அவர் சிரிக்கவில்லை. வீரய்யாவின் எதிரில் மணலில் உட்கார்ந்தார். “அண்ணே, மாத்திரையை இடிச்சுப் பங்கு போடுறீங்களாமே.”

“ஆமா. எல்லாரும் தவறாமத் தின்கணும்னு சொன்னீங்க. தின்னோம்.”

“கலந்து தின்னா டாக்டருக்குக் கணக்குத் தப்பிரும்ணே.”

“எப்படித் தப்பும்? வந்ததும் ஒரே அளவு, தின்னதும் ஒரே அளவு. ஒரு மாத்திரை கடல்ல போகல.”

நியாயமான கேள்விதான். கலந்தது ஏன் தப்பு என்று சொல்ல வேண்டுமானால், எதோடு எது கலந்தது என்று சொல்லியாக வேண்டும். அவர் ஒரு தடவை கடலைப் பார்த்தார். சொல்லிவிட்டார்.

வலை முடிகிற கைகள் நின்றுவிட்டன.

“மாவா?” என்றார் வீரய்யா.

“ஆமாண்ணே.”

“மருந்துன்னு சொல்லி மாவு குடுத்தீங்க.”

“ரெண்டு வித மாத்திரைன்னுதான் சொன்னேன்.”

“அட, பேச்சைப் பாருங்கடா!” உடையப்பன் குதித்து எழுந்தான். “ரெண்டு விதமாம்! மீனுன்னு சொல்லிச் சிப்பியைக் குடுத்துட்டு, ரெண்டும் கடல்ல வெளஞ்சதுதானேம்பாரு போல. யோவ் வாத்தியாரே, எங்களை என்ன கோழிக்குஞ்சுன்னு நெனச்சியா, தவிடு தூவிப் பாக்குறதுக்கு?”

“டேய், மரியாதையாப் பேசு” என்றார் வீரய்யா. ஆனால் அவர் குரலிலும் ஈரம் இல்லை. “ராத்திரி ரத்தம் எதுக்கு வாத்தியாரே இனிமே? அதுவும் கலந்ததுதானே.”

“இருந்தாலும் வேணும்ணே. பொம்பளைங்க கலக்கல. என்ன நடந்துச்சோ அதை நான் டாக்டருகிட்ட அப்படியே சொல்லிருவேன். அதைத் தெரிஞ்சுக்கிட்டு அவரு ரத்தத்தைப் பாக்கட்டும். நீங்க வராமப் போனாக் குப்பத்தைக் கழிக்கிறது நிச்சயம். வந்தா, வருஷக் கடைசி மருந்துக்கு நான் போராடவாச்சும் ஒரு வழி இருக்கும்.”

“ஒங்க வாக்கை ஒருதரம் தின்னாச்சு” என்றான் உடையப்பன். “மாவா இருந்துச்சு.”

யார் முதலில் எழுந்தார்கள் என்று தெரியவில்லை. காய்ந்த வலைகளைச் சுருட்டித் தோளில் ஏற்றினார்கள். ஒரு படகு, பிறகு அடுத்த படகு. பொழுது சாய்வதற்குள் கடலில் இறங்கிவிடுவார்கள். இவர் தடுக்கவில்லை. மணலில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தார். வீரய்யா மட்டும் அசையாமல் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மதினி வந்தாள். கஞ்சிக்கு விறகு போதாதென்று கேட்க வந்தவள். ஒரு காலை ஊன்றி, ஒரு காலை இழுத்து.

“என்னடா தம்பி, கப்பல் கவுந்த மாதிரி ஒக்காந்திருக்க? இவுங்க வலையை எங்கிட்டுத் தூக்கிட்டுப் போறாங்க?”

“வாங்கக்கா” என்றான் உடையப்பன். “ஒங்க தம்பி மருந்துன்னு சொல்லிப் பாதிப் பேருக்கு மாவு குடுத்திருக்காரு. அவரே ஒத்துக்கிட்டாரு. நாயத்தை நீங்களே கேளுங்க.”

மதினி தம்பியைப் பார்த்தாள். “நெசமாடா?”

தலையை ஆட்டினார்.

“எந்த நூலு மாவு?”

வீரய்யாதான் சொன்னார். “செவப்பு தின்னவன்தான் காய்ச்சல்ல படுத்தான். அப்ப அதுலதான் என்னமோ இருக்கு. நீலம்தான் மாவு. இதுக்கு டாக்டரு எதுக்கு?”

மதினி குனிந்து தன் காலைப் பார்த்தாள். சேலையைச் சற்றுத் தூக்கி, புதிதாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

“எனக்கு நீலம்” என்றாள்.

வலையைத் தோளில் வைத்திருந்தவர்கள் திரும்பினார்கள்.

“மொத நாளு ஒங்க எல்லாரு முன்னாடியும் முழுங்குனேனே, அதுவும் நீலம். இன்னைய வரைக்கும் நீலந்தான்.” யாருக்கும் சொல்வதாக இல்லை அது. தனக்கே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு விறகைப் பற்றி ஒன்றும் கேட்காமல், வந்த வழியே காலை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். மணலில் ஒரு காலின் தடமும், பக்கத்தில் ஒரு கோடும் நீண்டுகொண்டே போயின.

வலையோடு நின்றவர்கள் அந்தத் தடத்தையே பார்த்தார்கள்.

“சொந்த அக்காவுக்கேவா?” என்றான் உடையப்பன். இந்தத் தடவை அதில் கேலி இல்லை.

வீரய்யா எழுந்தார். “ஏமாத்துறவன் நல்லதை மொதல்ல தன் வீட்டுக்கு எடுத்து வச்சுட்டுத்தான் ஊரை ஏமாத்துவான். இந்த மனுசன் அதுகூடத் தெரியாதவரா இருக்காரு. வலையை எறக்குங்கடா.”

“அண்ணே…”

“எறக்குன்னா எறக்கு. வாத்தியாரே, டாக்டரு வந்ததும் எனக்கு ஆள் விடுங்க. நானும் வந்து சொல்றேன். கலக்கச் சொன்னது நான். அதுக்கு நீங்க எதுக்குத் தனியா நிக்கணும்?”

வலைகள் இறங்கின. கரை என் கணவர் பக்கம் வந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைக் காணோம். மதினி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனோம். பள்ளிக்கூடத்துக்கு எதிர்வரிசையில் எங்கள் வீடு. மதினி அடுப்படியில், அணைந்த அடுப்பின் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவர் நிலைப்படியிலேயே நின்றார்.

“அக்கா.”

“ஒண்ணு கேக்கணும்டா ஒன்னைய.” குரல் சாதாரணமாக இருந்தது. “எந்த நூலுல மாவுன்னு ஒனக்கு யாரும் சொல்லல. சரி. யாருக்குக் காய்ச்சல் வந்துச்சு, யாருக்கு வரலன்னு வீடு வீடாப் போயிக் கார்டுல எழுதுனது யாரு?”

“நான்தான்.”

“படிக்காத வீரய்யாவுக்கு வெளங்கிருச்சு. ஒனக்கு வெளங்கலையா?”

நான் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ‘இல்லை’ என்று சொல்லிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். சொல்லியிருக்கலாம். அவள் நம்பியும் இருப்பாள்.

“வெளங்குச்சுக்கா” என்றார். “மொத மாசமே வெளங்குச்சு.”

மதினி திரும்பவில்லை.

“மாத்திக் குடுத்துரலாம்னு செவப்புப் பொட்டலத்தைக் கையில எடுத்துக்கிட்டு நின்னுருக்கேன். ஒனக்கு மாத்துனா, நீலம் தின்கிற மத்தவங்களுக்கு ஏன் மாத்தலன்னு என்னையே கேட்டுக்கிட்டேன்.”

“பதில் கெடைச்சுச்சா?”

“இல்ல.”

“அப்ப நீ கேள்வியோட இருந்திருக்க. நான் காலோட இருந்தேன்.”

அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இவ்வளவு நாள் கழித்து, இருவருமே இல்லாமல் போன பிறகு எழுதும்போதும், அந்த நிலைப்படியில் அவர் நின்ற நிற்பைத்தான் முதலில் பார்க்கிறேன்.

“வாரந் தவறாம ஒன் கையாலதானடா குடுத்த” என்றாள் மதினி. “தண்ணியும் மொண்டு குடுத்த. நான் ஒனக்கு அக்காவா, நீல நூலா?”

வெளியே ஜீப் சத்தம் கேட்டது. குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடின. டாக்டர் வந்துவிட்டார். இவர் அசையவில்லை.

“போ” என்றாள் மதினி. “ஊரே காத்துக்கிட்டு இருக்கு. போயிச் சொல்ல வேண்டியதைச் சொல்லு.”

“நீ வருவியாக்கா?”

அவள் அடுப்பில் கிடந்த கரியைக் குச்சியால் கிளறினாள்.

அவர் போனார். நான் விளக்கை ஏற்றிவிட்டு வாசலில் நின்றேன். டாக்டர் ஜீப்பின் படியில் ஒரு காலை வைத்தபடி இவர் சொல்வதைக் கேட்டார். நடுவில் அந்தக் காலைத் தரையில் இறக்கினார். வீரய்யாவும் போய்ப் பக்கத்தில் நின்று என்னவோ சொன்னார். இடிப்பது மாதிரி கையால் காட்டினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கோபித்தாரா, சம்மதித்தாரா, எதுவும் பிடிபடவில்லை. பிறகு இவர் பெஞ்சுப் பக்கம் வந்து கார்டுகளைக் கையில் எடுத்தார்.

ராத்திரி ரத்தம் எடுப்பதற்கு முன், வந்தவர்கள் யார் என்று பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். முதல் நாள் முதலில் விழுங்கியவர் கார்டுதான் முதலில் இருக்கும்.

“ஜெபமாலையம்மாள்” என்று கூப்பிட்டார்.

மதினி நிமிர்ந்தாள். பேசக் கற்ற நாளிலிருந்து அவளை அக்கா என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடாத வாய் அது. எங்கள் பக்கத்தில் எந்தத் தம்பியும் மூத்தவள் பெயரைச் சொல்ல மாட்டான்.

“யாரைடி கூப்புடுறான்?” என்று என்னிடம் கேட்டாள்.

“ஒங்களைத்தான் மதினி.”

“ஜெபமாலையம்மாள்.” இரண்டாம் தடவை கூப்பிட்டார்.

மூன்று தடவை கூப்பிட்டு வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விட வேண்டும் என்பது அவரே வைத்த ஒழுங்கு. மூன்றாவது தடவை அவர் கூப்பிடவில்லை. அடுத்த கார்டையும் எடுக்கவில்லை. டாக்டர் திரும்பிப் பார்த்தார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்த ஒற்றைக் கார்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலையே பார்த்தபடி அவர் நின்றார். ஊரும் அவரோடு பார்த்தது.

உள்ளே மதினி, நீட்டியிருந்த காலை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக மடக்கினாள். எழுந்திருக்கவா, நன்றாக உட்கார்ந்துகொள்ளவா என்று எனக்குத் தெரியவில்லை.